கிளிப்பச்சைக்கு எந்தச் சுவர்?

"அப்போ நான் பொய் சொல்றேங்கிறியா?"

"நீங்க சொல்லல மாமா. உங்க படம் சொல்லுது."

"என் படம் சொன்னா நான் சொன்ன மாதிரிதானே?"

"அப்படின்னா நீங்களும்தான்."

நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் மெல்லத் தலையைத் திருப்பினார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் அவர்.

"ஆடாம உக்காருங்கம்மா. காது ரெண்டும் தெரியணும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

அம்மாள் மறுபடி விறைப்பாக உட்கார்ந்தார். அவர் காது இரண்டும் தெரிந்தன. நன்றாகக் கேட்டுக்கொண்டும் இருந்தன.

"நாலாவது வருஷம்டா மாப்ள இது," என்றார் பெயிண்டர். கையில் ஒரு பெரிய பிரிண்டைப் பிடித்திருந்தார். "மூணு வருஷமா என் படத்தைக் கொண்டுபோய் வலது பக்கம் மாட்டிட்டே. இந்த வருஷம் இடது பக்கம் மாட்டினாத்தான் நான் படம் குடுப்பேன்."

"இடது பக்கம் மாட்டினா நான் செயலாளரா இருக்க மாட்டேன். அம்மா, சிரிக்கக் கூடாது. வாயை மூடுங்க."

"நான் எங்கப்பா சிரிச்சேன்," என்று அம்மாள் பல் தெரியாமல் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஒரு போட்டோவுக்கு ஒன்பது முறை கேமராவை அமுக்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். பெயிண்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி அந்த ஸ்டுடியோக்காரர். இருபத்திரண்டு வருஷமாக பாஸ்போர்ட், அடையாள அட்டை, விசா என்று முகம் முகமாக எடுத்துத் தள்ளியவர். ஊரில் பாதிப்பேர் அவரை 'பாஸ்போர்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் ஒரு மச்சத்தைக்கூட அழிக்க மாட்டார். "மச்சம் இருக்கிறவங்களுக்கு மச்சம் இருக்கணும், இல்லாதவங்களுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் போட்டோ," என்பது அவர் கொள்கை.

அவரும் பெயிண்டரும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு படக்குழு வைத்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரர்தான் அதற்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கக் கிளம்புவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நூலகத்தின் பெரிய அறையில் கண்காட்சி. இடது சுவருக்குப் பெயர் 'கண்ட காட்சி'. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எடுத்த படங்கள் அங்கே. வலது சுவருக்குப் பெயர் 'கைவண்ணம்'. கம்ப்யூட்டரில் கூட்டிக் குறைத்து, விளையாடிச் செய்த படங்கள் அங்கே.

பெயிண்டர் எடுப்பது எச்.டி.ஆர். படங்கள். ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து ஒரே இடத்தை மூன்று முறை எடுப்பார். ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். யாராவது கேட்டால், "மூணு கோட்டிங் மாதிரிதான். பிரைமர், அண்டர்கோட், ஃபினிஷிங்," என்பார். அவர் எடுப்பது எல்லாமே தான் பெயிண்ட் அடித்து முடித்த காலி அறைகள். வீட்டுக்காரர்கள் சாமான்களைக் கொண்டுவந்து போடுவதற்கு முன்னால், ஏணியும் வாளியும் இன்னும் அங்கேயே இருக்கும்போது எடுப்பார்.

அன்று கையில் வைத்திருந்ததும் அப்படி ஒரு அறைதான். நாலாவது மாடி. தரையில் பெயிண்ட் சொட்டிய பழைய துணி. சுவரில் சாய்ந்த ஏணி. ஒரு பெரிய ஜன்னல், அதன் வழியாக எதிர்க் கட்டிட மொட்டைமாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்கிற துணிகள், மேகம்.

"இதைப் பாரு," என்று பெயிண்டர் ஜன்னலில் விரலை வைத்தார். "நீ ஒரே ஷாட்ல எடுத்தா என்ன ஆகும்? ரூம் தெரிஞ்சா ஜன்னல் வெள்ளையா வெளிறிப்போகும். ஜன்னல் தெரிஞ்சா ரூம் கரியா இருக்கும். நான் அங்க நின்னப்போ எனக்கு ஏணியும் தெரிஞ்சுது, எதிர்மாடில காயற துணியும் தெரிஞ்சுது. அப்போ யாரு படம் பொய்? உன்னோடதா, என்னோடதா?"

ஸ்டுடியோக்காரர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நியாயமான மனுஷர். இந்த இடத்தில் மாமா சொல்வது சரி என்று அவருக்கே தெரியும்.

"அது சரி மாமா. மூணு ஷாட்டு எடுத்ததை நான் குத்தம் சொல்லல. ஆனா இந்தத் தொட்டி ஏன் இவ்வளவு நீலம்? மேகத்துக்கு யாரு சொட்டு நீலம் போட்டது? இந்தச் சுவரைப் பாருங்க. நாலு கிளியைக் கரைச்சு அடிச்ச மாதிரி இருக்கு."

"அது இளம்பச்சை."

"இது இளம்பச்சைன்னா நான் இளவரசன்."

ஸ்டூல் அம்மாள் இந்த முறை வாய்விட்டே சிரித்துவிட்டார். "எனக்கு படம் பிடிச்சிருக்குங்க," என்றார் பெயிண்டரைப் பார்த்து. "ஆனா அது இளம்பச்சை இல்ல."

பெயிண்டரின் முகம் தொங்கிப்போனது. வெளியில் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சுவரா இன்னொரு சுவரா என்கிற சின்னச் சண்டை. அவருக்கு அப்படி இல்லை. முப்பது வருஷமாக அவர் பிழைப்பு நடப்பதே, ஜனங்கள் அவர் கண்ணை நம்புவதால்தான். "நீங்களே பாத்து அடிங்க," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவரின் படத்தை 'கண்ட காட்சி'யில் மாட்ட மாட்டேன் என்றால், உன் கண் சரியில்லை, அல்லது உன் வாய் சரியில்லை என்றுதானே அர்த்தம்? வலது சுவரில் மாட்டின மூன்று வருஷமும் அவர் கண்காட்சிக்கு வந்து, அந்தப் பக்கம் திரும்பாமலே போனார்.

"வா," என்றார். "சாவி என்கிட்டதான் இருக்கு. பால்கனி கம்பி வேலை இன்னும் பாக்கி. படத்தைக் கொண்டுபோய் சுவத்துல வச்சே பாத்துடுவோம்."

"இப்பவா?"

"இப்பதான்."

ஸ்டுடியோக்காரர் அம்மாளுக்குப் படத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நாலு மாடி ஏறுவதற்குள் ஸ்டுடியோக்காரருக்கு மூச்சு வாங்கியது. பெயிண்டர் இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

அறை அப்படியே இருந்தது. மத்தியான வெளிச்சம். பெயிண்டர் பிரிண்டை இரண்டு கைகளாலும் பிடித்து, அதே சுவரில், தான் அடித்த பெயிண்டின் மேலேயே வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போக முடியாதே, கை நீளம்தானே. அதனால் மச்சானைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார்.

பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஜன்னலை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார்.

படமும் சுவரும் ஒன்றாக இல்லை. அது அவருக்கே தெரிந்தது.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஸ்டுடியோக்காரர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த மாதிரி அவர் பேசவில்லை. "சரி மாமா, வாங்க. வலது சுவரும் நல்ல சுவர்தான். நான் ஸ்பாட் லைட் போட்டுத் தரேன்," என்றார்.

"எனக்கு லைட்டு வேண்டாம்டா," என்றார் பெயிண்டர்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் செருகினார். கூடத்தில் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். அவர் தைக்கிற துணிகள் அந்தத் தெரு முழுக்க நடமாடும். வெள்ளைச் சட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. ஏதோ ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை.

"என்ன, தம்பிகிட்ட மூக்குடைபட்டு வந்தீங்களா?"

"போன் போட்டுட்டானா அதுக்குள்ள?"

"அவன் எதுக்குப் போடணும்? நீங்க செருப்பைக் கழட்டின சத்தமே சொல்லுது. அந்த டிராயரைத் திறந்து வெள்ளை நூல்கண்டு ஒண்ணு எடுங்க. கையில ஊசி இருக்கு, எந்திரிக்க முடியல."

அவர் டிராயரைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் கொடுத்தார். மனைவி வாங்கிப் பார்த்தார். மெஷின் நின்றது.

"இது என்ன?"

"நூல்."

"நூல்னு தெரியுது. என்ன கலர்?"

"வெள்ளைதான் கேட்ட?"

"இது சந்தனம்."

"எது சந்தனம்? நல்லா வெள்ளை வெளேர்னு இருக்கு."

மனைவி எழுந்தார். ஊசி கையில் இருந்தும் எழுந்தார். டிராயரிலிருந்து நாலு கண்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். "இதுல எது வெள்ளை, எது சந்தனம், சொல்லுங்க."

பெயிண்டர் குனிந்து பார்த்தார். கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "நாலும் வெள்ளை. நீ என்னை வச்சு விளையாடற."

"ரெண்டு சந்தனம், ஒண்ணு வெளிர்மஞ்சள், ஒண்ணுதான் வெள்ளை," என்றார் மனைவி. சொல்லிவிட்டு அவர் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார். தையல் அளவெடுக்கும்போது ஆட்களைப் பார்க்கிற பார்வை அது. "போன மாசம் பாத்ரூம் கதவுல கீறல் விழுந்துச்சுன்னு டச்சப் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"சூப்பரா பண்ணினேன்."

"வெள்ளைக் கதவுல சந்தனப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு. ஆறு இடத்துல. உங்க மனசு நோகுமேன்னு டவலைத் தொங்கப்போட்டு மறைச்சு வச்சிருக்கேன்."

அவர் போய்ப் பார்த்தார். டவலை எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கதவு ஒரே நிறமாகத்தான் இருந்தது. டவலை மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டார்.

அன்று சாயங்காலமே மனைவி தம்பிக்குப் போன் போட்டார். "டேய், உங்க மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. கண்ணுல ஏதோ கோளாறு. நாளைக்குக் காலைல கடையைத் திறக்காதே, கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். பெயிண்டரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் உட்கார வைத்து, அப்புறம் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு, பயமுறுத்துகிற சிரிப்பு இல்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பெயிண்டர்ங்க."

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா?"

மனைவி, "அதைத்தான் நானும் கேக்குறேன்," என்றார்.

டாக்டர் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். கண்ணுக்குள்ளே ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். அவருடையது இரண்டு கண்ணிலும் பழுப்பேறிப் போயிருந்தது. கண்புரை. வெளிச்சுவர் வேலையாக வெயிலிலேயே நின்றவர்களுக்குச் சில பேருக்கு இது சீக்கிரமே வரும் என்றார். "சுருக்கமாச் சொன்னா, நீங்க அஞ்சாறு வருஷமா உலகத்தை டீ டம்ளர் வழியாப் பாத்துட்டிருக்கீங்க."

"பால் டீயா, வெறும் டீயா?" என்றார் பெயிண்டர்.

"வெறும் டீ. நல்லா ஸ்டிராங்கா."

ஸ்டுடியோக்காரர் மூலையில் நின்றுகொண்டிருந்தவர், கையைத் தூக்கினார், வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி. "டாக்டர், ஒரு சந்தேகம். இவருக்கு வானமும் மங்கலாத்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல அந்த வானத்தோட படமும் மங்கலாத்தான் தெரியும். ரெண்டும் ஒரே டீதானே? அப்போ ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிருக்கணுமே. இவரு ஏன் படத்துல மட்டும் கலரை அவ்வளவு ஏத்தி வச்சாரு?"

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர். "ஆனா அதை அவரைத்தான் கேக்கணும்."

மூன்று பேரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். அவர் பக்கத்துச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெயிண்டர் எங்க சுவத்தைப் பாக்குறான்," என்றார் கடைசியில். "திட்டு இருக்கா, பிரஷ் கோடு விழுந்திருக்கா, அதைத்தான் பாக்குறான். கலரைப் பாக்க வேண்டியதில்ல. அது கம்பெனி ஷேட் கார்டுல நம்பரா இருக்கு. அந்தச் சுவரு நாப்பத்தேழாம் நம்பர். முப்பது வருஷமா எனக்கு நாப்பத்தேழு தெரியும். எப்படி இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். கம்ப்யூட்டர்ல உக்காந்தப்போ படம் நாப்பத்தேழு மாதிரி இல்ல. அதான் ஏத்தினேன். நாப்பத்தேழு வர்ற வரைக்கும் ஏத்தினேன்."

"அப்போ நீங்க அந்தச் சுவரோட ஒப்பிடல," என்றார் ஸ்டுடியோக்காரர் மெதுவாக.

"இல்ல. மனசுல இருந்ததோட ஒப்பிட்டேன்."

ஸ்டுடியோக்காரர் வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை இரண்டு முறை தப்பான தெருவில் திருப்பினார்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கண் கட்டை அவிழ்த்தபோது பெயிண்டர் முதலில் பார்த்தது டாக்டரின் வெள்ளைக் கோட்டைத்தான்.

"என்னம்மா இது," என்றார். "உங்க கோட்டுல நீலம் அடிக்குது."

"கோட்டு வெள்ளைதாங்க."

"இதுவா வெள்ளை?"

அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வெள்ளை இருந்தது. முப்பது வருஷம் வெள்ளையடித்த ஆள், புதுசாக வெள்ளையைக் கற்றுக்கொள்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"இந்தப் புடவை எப்போ வாங்கின?"

"மூணு வருஷமாக் கட்டறேன்."

"அது பிரவுன்தானே? இது ஊதாவா இருக்கு."

"இது எப்பவுமே ஊதாதான். வாங்கின அன்னைக்கு, பிரவுன் உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னீங்க. ஏதோ ஆசையாச் சொல்றாரே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. வலது கண் புதுசு, இடது கண் பழசு. வலது கண்ணை மூடினால் உலகம் டீ. இடது கண்ணை மூடினால் உலகம் இப்போதுதான் தண்ணீர் விட்டுக் கழுவின மாதிரி. எதைப் பார்த்தாலும் ஒரு முறை இந்தக் கண்ணை மூடி, ஒரு முறை அந்தக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பஸ்ஸைப் பார்த்து அப்படிச் செய்தார். பழக்கடையில் ஒவ்வொரு பழத்தையும் பார்த்து அப்படிச் செய்தார்.

மூன்றாம் நாள் மாடிவீட்டு அம்மாள் கீழே இறங்கி வந்து, மெஷின் பக்கத்தில் நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறார்."

"உங்களை மட்டும் இல்லைங்க," என்றார் மனைவி, தைப்பதை நிறுத்தாமல். "உங்க மாடித் தண்ணித் தொட்டியைப் பாத்தும் கண்ணடிக்கிறார். மனசுல வச்சுக்காதீங்க."

நாலாம் நாள் அவர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை எடுத்தார். செய்தித்தாளைப் பிரித்தார். ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மனைவி அடித்துப் பிடித்து ஓடிவந்தார். அவர் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? கண்ணு வலிக்குதா?"

"யாரும்மா இந்த ஆளு," என்றார் படத்தைக் காட்டி. "இந்தத் தொட்டியைப் பாரேன். இங்க் பாட்டிலைக் கவுத்துட்டான். மேகத்தைப் பாரு. சுவரைப் பாரு. நாலு கிளி போதலடி, உன் தம்பி கம்மியாச் சொல்லிட்டான். இதைத் தூக்கிட்டுப் போய், இளம்பச்சைன்னு சண்டை போட்டேனே. அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த அம்மா என்ன நினைச்சிருப்பாங்க?"

மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அதற்கப்புறம் மனைவி மெஷினுக்குப் போய்விட்டார். பெயிண்டர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அசிங்கமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனதும் அப்படித் தெரியவில்லை. அந்தப் பச்சை ஜன்னல் பக்கம் போகப் போக எப்படி மஞ்சளாக மாறுகிறது என்று பார்த்தார். ஏணியின் நிழலில் ஒரு ஊதா ஒளிந்திருந்தது. அதை அவர் தெரிந்து வைக்கவில்லை, ஆனால் அவர் கைதான் வைத்திருக்கிறது. கீழே கிடந்த பழைய துணியில் சொட்டியிருந்த பெயிண்ட் எல்லாம் பூ மாதிரி இருந்தது. அந்த அறை அப்படி இருந்ததே இல்லை. ஆனால் அப்படி ஒரு அறை இருந்தால், அவர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

எழுந்து பையிலிருந்து ஷேட் கார்டை எடுத்தார். பெயிண்ட் கம்பெனி கொடுக்கிற, எல்லா நிறமும் நம்பர் போட்டு வரிசையாக இருக்கிற அந்த மடக்கு அட்டை. படத்தின் பச்சைமேல் ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். நாப்பத்தேழு இல்லை. நாப்பத்தெட்டு இல்லை. பச்சை வரிசை முடிகிற அறுபது வரைக்கும் போனார். ஒன்றும் சேரவில்லை.

"ஏம்மா," என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தப் பச்சை கார்டுலயே இல்ல."

"அதுக்கு?"

"முப்பது வருஷமா அடுத்தவங்க சொன்ன நம்பரைத்தான் அடிச்சிருக்கேன். இது எந்த நம்பரும் இல்ல. இது நான் பண்ணினது."

மெஷின் ஒரு நிமிஷம் நின்றது. "அப்போ தூக்கி மாட்டுங்க," என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் பெரிய அறையில் படக்குழு கூடியது. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். எந்தப் படம் எங்கே என்று முடிவு செய்கிற நாள். பெயிண்டர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோக்காரரிடம் போனார்.

"மாப்ள, நீ சொன்னதுதான் சரி. வலது சுவத்துலயே மாட்டிடு. நடுவுல மாட்டு. எனக்கு அந்த ஸ்பாட் லைட்டும் வேணும்."

ஸ்டுடியோக்காரர் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். படத்துக்குக் கீழே ஒட்டுகிற பெயர் அட்டை. பெயிண்டர் இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தார். படத்தின் பெயர் 'நாலாவது மாடி அறை'. அதற்குக் கீழே, அச்சடித்த எழுத்தில், 'கண்ட காட்சி'.

"இது என்னடா?"

"உங்களைப் பொய்யர்னு சொல்லிட்டேன் மாமா. அந்த அம்மா முன்னாடி வேற. தப்பு. அதான் நானே அடிச்சுக் கொண்டுவந்தேன்."

பெயிண்டர் நாலு வருஷமாகக் கேட்டது இந்த ஒரு அட்டையைத்தான். அதை வாங்கி, சட்டையில் துடைத்து, மேல்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்டா. இதை வீட்டுல ஃபிரேம் போட்டு வச்சுக்கிறேன். படத்தை வலது பக்கம் மாட்டு."

"அது எப்படி? இடது பக்கம்தான் மாட்டணும்."

"டேய், நீதானே கிளியைக் கரைச்சு அடிச்ச மாதிரின்னு சொன்ன."

"சொன்னேன். ஆனா நீங்க இல்லாததை எதையும் கொண்டுவரலயே மாமா. முப்பது வருஷமாக் கண்ட நாப்பத்தேழைத்தானே வச்சீங்க. கண்டதுதானே அது? அன்னைக்கே கண்டிருக்கணும்னு நம்ம விதியில எங்க இருக்கு?"

"நாப்பத்தேழா? நான் கார்டு வச்சே பாத்துட்டேன். அறுபது வரைக்கும் இல்ல. நான் எதையும் காணல. பண்ணினேன்."

"தெரிஞ்சா பண்ணினீங்க? தெரியாமப் பண்றது எப்படி மாமா கைவண்ணம் ஆகும்?"

"அப்போ தெரியாது. இப்போ தெரிஞ்சு, இதுதான் வேணும்னு கொண்டுவந்திருக்கேன்ல? நான் இப்போ நினைச்சா அந்த நீலத்தைக் குறைச்சிருக்க மாட்டேனா? ஒரு பொட்டுக் குறைக்கல. இது என் இஷ்டம்."

"பொய்யில்லாத படத்தை அங்க மாட்டினா, செயலாளர்னு நான் எதுக்கு இருக்கேன்?"

"மெதுவாப் பேசுங்க, இது நூலகம்," என்றார் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், கதவருகே நின்று. ஆனால் அவரும் போகவில்லை.

குழுவில் பாங்க்கில் வேலை பார்க்கிறவர் ஒருவர் எழுந்து, சமாதானமாக, இரண்டு சுவரும் சேருகிற மூலையில் மாட்டிவிடலாமே என்றார். "மூலையில எதை மாட்டினாலும் நிழல் விழும், வேலை தெரிஞ்சவன் சொல்றேன்," என்று பெயிண்டர் உட்காரச் சொல்லிவிட்டார். ஸ்டுடியோக்காரரும் மூலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமனும் மச்சானும் ஒன்றாக நின்றார்கள்.

கடைசியில் ஓட்டு எடுத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது சுவருக்கு ஆறு கை, வலது சுவருக்கு ஆறு கை. பெயிண்டரின் கை வலதுக்கு, ஸ்டுடியோக்காரரின் கை இடதுக்கு. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஆறு, ஆறு. புத்தக அம்மாளைக் கேட்டார்கள். எனக்கு இரண்டு சுவருமே என் சுவர்தான், வியாழக்கிழமைக்குள் ஆணி அடித்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

படம் இப்போது நூலக அறையில், நடுவில், ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பெயிண்டர் தினமும் ஒரு முறை வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குப் போகிறார். இடது கண் ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அதனால் படிக்கிறவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள். மனசுல இருக்கிற நிறத்தை நிஜம் என்று நம்பி எடுத்த படம், எடுத்தவரே பிறகு பார்த்துச் சிரித்துவிட்டு, இது என் இஷ்டம் என்று சொல்கிற படம். அதை மாட்ட வேண்டியது 'கண்ட காட்சி'யிலா, 'கைவண்ண'த்திலா? ஒரு வார்த்தை போதும், ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் ரொம்ப நல்லது. உங்கள் வீட்டில் யாருக்காவது கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள். புதன்கிழமை சாயங்காலம் வரை வருகிற பதில்களை எண்ணி, எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஆணி அடிப்பது என்று மாமனும் மச்சானும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.